ரிலீவர் வந்தாச்சா?

இரவு முழுக்க நடக்கும் அஞ்சல் ஓட்டத்தில் எது கஷ்டம் என்று கேட்பவர்கள் பதிலையும் தாங்களே சொல்லிவிடுகிறார்கள்: இருட்டு, லாரி, தெருநாய், முழங்கால். எல்லாம் உண்டுதான். ஓடிப் பார்த்தவர்களைக் கேட்டால் வேறொன்றைச் சொல்வார்கள். தூங்குவதுதான் கஷ்டம். நண்பர் ஒருவர் நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போது வண்டிக்குள் பாயை விரித்துப் படுத்து, கண்ணை மூடி, உண்மையாகவே தூங்கிப்போவது எல்லோருக்கும் கைவருவதில்லை. ஏன் கைவருவதில்லை என்ற கேள்வி ஓட்டம் முடிந்த பிறகும் என்னை விடவில்லை. வீடு, ஆஸ்பத்திரி, வயல் என்று போகிற இடமெல்லாம் கூடவே வருகிறது.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கடலூரிலிருந்து சிதம்பரம் சாலை வழியே ஏறத்தாழ 45 கிலோமீட்டர். போய்த் திரும்பினால் 90. நாங்கள் ஆறு பேர். நான்கு ஆண்கள், இரண்டு பெண்கள். ஒரு தடவைக்கு ஐந்து கிலோமீட்டர் வீதம் ஆளுக்கு மூன்று தடவை. தை மாதத்துச் சனிக்கிழமை இரவு ஏழு மணிக்குத் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் கிளம்பி, மஞ்சக்குப்பம், முதுநகர், சிப்காட், காரைக்காடு, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று போய், வெள்ளாற்றுப் பாலம் கடந்து, நள்ளிரவு தாண்டிச் சிதம்பரம். கீழவீதியில் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடுகிறவர்கள் கும்பிட்டுவிட்டு, அதே வழியில் திரும்புதல். பந்தயம் கிடையாது, பதக்கம் கிடையாது, பார்ப்பதற்கு ஆளும் கிடையாது.

துணைக்கு ஒரு குட்டியானை வண்டி, ஒரு பைக். ஓடுகிறவருக்குப் பின்னால் ஒருவர் பைக்கில் மெதுவாக வருவார். அடுத்து ஓடவேண்டியவர் வண்டியில் முன்னே போய், கை கொடுக்கும் இடத்தில் இறங்கி, கால்களை நீட்டி மடக்கித் தயாராவார். மீதி மூன்று பேருக்கு வேலை இல்லை. ஒருவர் ஐந்து கிலோமீட்டர் ஓட முப்பத்தைந்து நிமிடம் ஆகும். மறுபடி அவர் முறை வர மூன்று மணி நேரம் ஆகும். பதினோரு மணி நேர இரவில் ஒருவர் ஓடுவது இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. அஞ்சல் ஓட்டம் என்பது பெரும்பாலும் ஓடாமல் இருப்பதுதான்.

அந்த ஓடாத நேரத்தை நாங்கள் எப்படிக் கழித்தோம்? முதல் சுற்றில் ஒருவரும் படுக்கவில்லை. ஓடுகிறவர் எங்கே வருகிறார் என்று போனில் பார்ப்பது, பைக்கில் போகிறவரைக் கூப்பிட்டு "தண்ணி குடிச்சாரா?" என்று கேட்பது, பின்கதவு வழியே இருட்டை எட்டிப் பார்ப்பது. அக்கறைதான். அந்த அக்கறையால் ஓடுகிறவருக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடுதலாகப் போகவில்லை என்பது வேறு விஷயம்.

எங்களில் ஒருவர் மட்டும் விதிவிலக்கு. நெய்வேலியில் பல ஆண்டுகளாக ஷிப்டு பார்ப்பவர். ஓடி முடித்தார், தண்ணீர் குடித்தார், இரண்டு வாழைப்பழம் தின்றார், பாயில் சாய்ந்தார். வண்டி ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் குறட்டை. பிறகு எழுந்தபோது எங்களில் இளையவள் கேட்டாள்: "எப்படிண்ணே, படுத்ததும் தூங்கிட்டீங்க?"

"ரிலீவர் வந்தாச்சு இல்ல? அப்புறம் எனக்கு என்னம்மா வேலை? நான் முழிச்சிக்கிட்டு இருந்தா அவன் வேகமா ஓடிடுவானா?"

ஷிப்டில் வேலை பார்த்தவர்களுக்கு இது பாலபாடம். ரிலீவர் வரும்வரை இடத்தைவிட்டு நகரக் கூடாது. வந்து, விவரம் கேட்டு, பொறுப்பு எடுத்துக்கொண்ட பிறகு அங்கே நிற்கக் கூடாது. முதல் விதியை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். இரண்டாவதும் ஒரு விதி என்று பலருக்குத் தெரியாது.

தனித்தனியே ஓடும் நெடுந்தூர ஓட்டத்தைப் பலர் பங்கிட்டு ஓடும் பெருநிகழ்ச்சியாக ஆக்கியவர்கள் ஜப்பானியர். தலைநகரம் கியோத்தோவிலிருந்து டோக்கியோவுக்கு மாறி ஐம்பது ஆண்டு ஆனதை ஒட்டி, 1917 ஏப்ரலில் யோமியூரி செய்தித்தாள் அந்த இரண்டு நகரங்களுக்கும் இடையே தொடர் ஓட்டம் ஒன்றை நடத்தியது. ஏறத்தாழ 500 கிலோமீட்டர், 23 பகுதிகள். இரவிலும் நிற்காமல் நடந்த ஓட்டம். பழைய நாளில் அரசுச் செய்தி கொண்டுபோனவர்கள் சாவடிக்குச் சாவடி ஆள் மாறிய ஏற்பாடுதான் முன்மாதிரி. நம் பக்கத்திலும் கும்பினியார் காலத்துத் தபால் இப்படித்தான் ஓடியது. சலங்கை கட்டிய கோலும் முதுகில் பையுமாக ஓட்டக்காரர்கள் அடுத்த ஆள் நிற்கும் இடம்வரை ஓடினார்கள்.

அந்த 1917 ஓட்டத்தில் வென்ற அணிக்காகக் கடைசிப் பகுதியை ஓடியவர் ஷிசோ கனகுரி. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தானில் வெயில் தாங்காமல் பாதியில் சரிந்தவர். வழியில் ஒரு வீட்டார் அவருக்குக் குடிக்கக் கொடுத்து இளைப்பாற வைத்தார்கள். போட்டி அதிகாரிகளிடம் சொல்லாமலே அவர் ஊருக்குக் கிளம்பிவிட, ஸ்வீடன் பதிவேட்டில் காணாமல் போனவர் ஆனார். 1967-இல் அவரை மறுபடி அழைத்து எல்லைக்கோட்டைத் தொடவைத்தார்கள். ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்ட மாரத்தான் என்று இந்தக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார்கள். என்னை ஈர்ப்பது அதன் நடுப்பகுதி. தனியாக ஓடி விழுந்த மனிதர், ஒரே சமயத்தில் பல நெடுந்தூர ஓட்டக்காரர்களை உருவாக்க வேண்டும் என்று நினைத்தார். 1920-இல் தொடங்கிய ஹகோனே தொடர் ஓட்டத்துக்கு முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். இன்றும் ஆண்டுதோறும் ஜனவரி 2, 3 தேதிகளில் பல்கலைக்கழக அணிகள், அணிக்குப் பத்துப் பேர், டோக்கியோவிலிருந்து ஹகோனே மலைக்குப் போய்த் திரும்புகிறார்கள். மொத்தம் 200 கிலோமீட்டருக்கும் அதிகம்.

அங்கே கையில் கோல் கிடையாது. தோளில் குறுக்கே மாட்டும் துணிப்பட்டைதான் ஆள் மாறுகிறது. முன்னணி அணி கடந்துபோய்க் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஓர் அணியின் பட்டை வந்துசேராவிட்டால், அடுத்தவர் வேறொரு பட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும் என்பது விதி. தன் பட்டையைச் சுமந்துகொண்டு வந்துசேருகிறவர் வாங்க ஆளில்லாமல் நிற்பார். தோற்றதைவிட அதற்காக அழுகிறவர்கள் அதிகம்.

அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் 1982-இல் தொடங்கிய 'ஹூட் டு கோஸ்ட்' ஓட்டம் இரவும் பகலுமாக நடப்பது. மலையில் கிளம்பிக் கடற்கரையில் முடியும். ஏறத்தாழ 320 கிலோமீட்டர், பன்னிரண்டு பேர், இரண்டு வேன். ஓட்டத்தைவிட வேனுக்குள் யார் எங்கே, எப்போது படுப்பது என்பதே அங்கே பெரிய பேச்சு. தூங்காத அணி கடைசிச் சுற்றில் தள்ளாடும் என்று அனுபவசாலிகளுக்குத் தெரியும். தூக்கமும் அணியின் வேலைதான்.

எங்களிடம் பட்டை இல்லை. ஒரு காசித்துண்டு இருந்தது. கழுத்தில் போட்டுக்கொண்டு ஓடி, அடுத்தவர் கழுத்தில் போட்டுவிடுவது. மூன்றாவது ஆளுக்கு வரும்போதே நனைந்து கனத்திருந்தது. பனிக் குளிரில் சில்லென்று பிடரியில் ஒட்டும். முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வதுதான் ஒப்பந்தம்.

இப்படிப் பங்கு போட்டு ஓடுவதற்கு நேர் எதிரான ஓட்டம் ஒன்று தமிழ்நாட்டிலேயே உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்துச் சிவாலய ஓட்டம். மகா சிவராத்திரியை ஒட்டி, முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை என்று பன்னிரண்டு சிவன் கோயில்களை ஓட்டமும் நடையுமாகத் தொட்டு, திருநட்டாலத்தில் முடிப்பார்கள். ஏறத்தாழ 110 கிலோமீட்டர். கையில் பனையோலை விசிறி, இடுப்பில் திருநீற்றுப் பை, வாயில் "கோவிந்தா, கோபாலா". சிவன் கோயிலுக்கு ஓடுகிறவர்கள் திருமால் பேரைச் சொல்லிக்கொண்டு ஓடுவதற்கு ஒரு கதை இருக்கிறது. திருமால் பேரைக் காதால் கேட்கப் பொறுக்காத புலிக்கால் முனிவர் முன்னால், பீமன் அந்தப் பேரையே உரக்கச் சொன்னான். முனிவர் துரத்தினார். பீமன் ஓடினான். பிடிபடும் நேரத்தில் ஓர் உருத்திராக்கத்தைக் கீழே வைப்பான், அது சிவலிங்கமாகிவிடும், முனிவர் நின்று பூசை செய்வார், அதற்குள் பீமன் தப்பிவிடுவான். இப்படிப் பன்னிரண்டு இடம். கடைசியில் திருநட்டாலத்தில் சிவனும் திருமாலும் ஒன்றே என்று முனிவருக்குக் காட்சி கிடைத்தது என்பார்கள்.

அந்தப் புலிக்கால் முனிவர், வியாக்ரபாதர், எங்களுக்கு அந்நியர் அல்லர். கடலூரில் திருப்பாதிரிப்புலியூரும் அவர் வழிபட்ட தலம். சிதம்பரமும் அவர் வழிபட்ட தலம். எங்கள் ஓட்டத்தின் இரண்டு முனையும் அவர் ஊர்களே. ஆனால் அவர் பேரால் நடக்கும் குமரி ஓட்டத்தில் ஆள் மாற்று கிடையாது. நண்பர்களோடு கிளம்பலாம், சேர்ந்து ஓடலாம், கால் பிடித்துக்கொண்டால் தோள் கொடுக்கலாம். நண்பனுக்குப் பதிலாக ஒரு கோயிலைத் தொட்டுவிட்டு வர முடியாது. நேர்ந்துகொண்டவர்தான் ஓட வேண்டும். வழிநெடுக ஊர்க்காரர்கள் சுக்குத் தண்ணீரும் மோரும் கஞ்சியும் வைத்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களும் தாகத்தைத் தீர்க்கலாமே தவிர தூரத்தைக் குறைக்க முடியாது.

வாழ்க்கையில் இரண்டு வகைப் பாரமும் இருக்கின்றன. தேர்வு எழுதுவது, பிரசவ வலி, இழவுத் துக்கம், வேண்டுதல் ஆகியவை குமரி ஓட்டம் போல. சுற்றி நிற்கலாம், மாற்றாள் ஆக முடியாது. நோயாளியைப் பார்ப்பது, குழந்தை வளர்ப்பது, கடையை நடத்துவது, கடனை அடைப்பது, வீட்டைக் கட்டி மேய்ப்பது ஆகியவை பங்கு போடக்கூடியவை. நம் குடும்பங்களில் நடக்கும் பெரிய குளறுபடி, இரண்டாவது வகையை முதல் வகையாக நடத்துவது. ஒருவர் நேர்ந்துகொண்டதுபோல எல்லாவற்றையும் தலையில் ஏற்றிக்கொள்கிறார். மற்றவர்கள் வழியோரத்தில் நின்று மோர் கொடுக்கிறார்கள்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள் நினைவுக்கு வருகின்றன. இரவில் துணைக்கு ஒருவர் மட்டும் படுக்கலாம். அக்கா, அண்ணன், நான், மூன்று பேரும் முறை வைத்துக்கொண்டோம். காகிதத்தில் எழுதிக்கூட வைத்தோம். அண்ணன் முறை வரும் இரவில் அக்கா வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும். படுப்பாள். இரவு இரண்டு மணிக்குப் போன் அடிக்கும். "அக்கா, அந்த வெள்ளை மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" நாலு மணிக்கு மறுபடி. "பெட்ஷீட் மாத்தணும், எந்தப் பையில இருக்கு?" அண்ணன் ஏமாற்றவில்லை. நேரத்துக்கு வந்தார், விழித்திருந்தார், அப்பாவை அன்போடு பார்த்துக்கொண்டார். ஆனால் அவர் முறையில் ஓடிக்கொண்டிருந்தவள் அக்காதான். சில நாளில் அவள் வீட்டுக்குப் போவதையே விட்டுவிட்டு வராந்தாவில் பாய் போட்டுக்கொண்டாள். "உங்க முறைன்னு தெரியுதுடா. மனசு கேக்கல." எங்கள் சொந்தக்காரர்கள் அதைப் பெருமையாகப் பேசினார்கள். "பொண்ணுன்னா இப்படி இருக்கணும்."

அதே வார்டில் நர்சுகள் ஷிப்டு மாறுவதைத் தினம் பார்த்தேன். போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து படுக்கை படுக்கையாக வருவார்கள். இவருக்கு என்ன மருந்து ஏறுகிறது, எத்தனை மணிக்கு மாற்ற வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லி, நோட்டில் எழுதி, "ஹேண்டிங் ஓவர்" முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். பத்து நிமிட வேலை. அதன்பிறகு அந்த நர்ஸ் வீட்டில் போய் நிம்மதியாகத் தூங்கலாம். அக்காவைவிட அவருக்கு நோயாளியின் மேல் அன்பு குறைவு என்பதால் வந்த தூக்கம் அன்று அது. ஒப்படைப்பு ஒழுங்காக நடந்ததால் வந்த தூக்கம்.

நெய்வேலி நண்பரின் குறட்டைக்கும் பின்னால் இப்படி ஒன்று இருந்தது. துண்டைக் கொடுத்ததும் நேராகப் பாய்க்கு அவர் வந்துவிடவில்லை. அடுத்தவரோடு சில அடி கூடவே நடந்து, "லெப்ட்ல ஜல்லி கொட்டியிருக்கான், ஓரத்துக்குப் போகாதே. தர்கா தாண்டினதும் நாய் ரெண்டு இருக்கு, நின்னுடு, ஓடாதே" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார். தான் ஓடிய சாலையில் தெரிந்துகொண்டதை ஓடப்போகிறவருக்கு மாற்றிக் கொடுத்தார். அவர் தலையில் ஒன்றும் மிச்சமில்லை. ஆகவே தூக்கம் வந்தது. ஒப்படைக்காத விவரம் தலைக்குள் இருக்கும்வரை உடம்பு எவ்வளவு களைத்தாலும் கண் அசராது.

எனவே தூக்கம் தூங்குகிறவரின் கையில் மட்டும் இல்லை. வாங்குகிறவர் நேரத்துக்கு முன்பே வந்து நிற்க வேண்டும். கேட்க வேண்டியதை அப்போதே கேட்டுவிட வேண்டும். தெரியாமல் போனதைத் தூங்குகிறவரை எழுப்பாமல் சமாளிக்க வேண்டும். இவ்வளவும் செய்தால்தான் கொடுத்தவர் தூங்குவார். அடுத்தவரைத் தூங்கவைப்பது ஓட்டக்காரரின் வேலையில் பாதி.

காட்டுமன்னார்கோயில் பக்கத்துக்காரர் ஒருவர் எங்கள் குழுவில் உண்டு. வீராணத்துப் பாசன நிலம். தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் முறை வைத்து விடும்போது, இரவு இரண்டு மணி முறை ஒருவருக்கு, நாலு மணி முறை இன்னொருவருக்கு என்று வரும். "முறைக்காரன் சரியா மடையை மாத்துவான்னு தெரிஞ்சா, நாம ரெண்டு மணி வரைக்கும் நல்லா தூங்கலாம். ஒருத்தன் திருட்டுத்தனமா மடையைத் திறந்துட்டான்னா, அதுக்கப்புறம் அந்த வாய்க்காக்காரன் அத்தனை பேரும் மண்வெட்டியோட வரப்புல உக்காந்திருப்பான்" என்றார். முறையை மதிக்காதவர் ஒருவர் இருந்தால் போதும், ஊரே விழித்திருக்க வேண்டும்.

சிதம்பரத்தை அடைந்தபோது மணி பன்னிரண்டரை ஆகியிருந்தது. வீதியில் ஒரு டீக்கடை திறந்திருந்தது. எல்லோரும் சூடாக டீ குடித்துக்கொண்டு, பாதி முடித்த பெருமையில் பேசிக்கொண்டிருந்தபோது எங்களில் இளையவள் திடீரென்று கேட்டாள்: "டிரைவர் அண்ணனுக்கு யாரு ரிலீவர்?"

ஒருவரிடமும் பதில் இல்லை. குட்டியானையை ஓட்டி வந்தவர் மாலையிலிருந்து ஸ்டியரிங்கை விடவில்லை. அஞ்சு கிலோமீட்டர் போய் நிறுத்தி, காத்திருந்து, மறுபடி அஞ்சு கிலோமீட்டர். எங்கள் ஆறு பேருக்கும் முறை இருந்தது, தூக்கமும் இருந்தது. அவருக்கு வாடகை இருந்தது. "எனக்கு இது பழக்கம்தான் தங்கச்சி" என்றார். அவள் விடவில்லை. எங்களில் ஒருவரிடம் அந்த வண்டியை ஓட்டும் உரிமம் இருந்ததால், திரும்பும் வழியில் இரண்டு சுற்றுக்கு அவரைப் பாயில் படுக்கவைத்தோம். விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்து வரை மனித உடம்பு தன் சூட்டில் மிகக் கீழே இறங்கி நிற்கும் நேரம்; ஸ்டியரிங் பிடித்தவர் கண் சொருகுவதும் அந்த நேரத்தில்தான். அவர் தூங்கியது எங்கள் உயிருக்கும் நல்லது.

அவள் கேட்ட கேள்வி எனக்கு ஓட்டத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது. முறை வைத்துக்கொள்வது சமமானவர்களுக்குள் மட்டுமே நடக்கிறது. வட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு முறை உண்டு. வெளியே இருப்பவர்களுக்கு முறை இல்லை, வேலைதான் உண்டு. வாய்க்கால் தண்ணீரில் நிலம் உள்ளவனுக்கு முறை உண்டு. அவனுக்காக இரவில் மடை பார்க்கிற கூலியாளுக்குக் கிடையாது. நடராசர் கோயிலில் பொது தீட்சிதர்கள் தங்களுக்குள் முறை வைத்துப் பூசை செய்கிறார்கள். அந்த முறை பிறப்பால் வருவது. அதே கோயிலின் வாசலில்தான், பிறப்பைக் காட்டி உள்ளே விடப்படாத நந்தனாரின் கதையும் நிற்கிறது. 1916-இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் சிதம்பரத்தில் கல்விக்கூடம் தொடங்கியதற்குக் காரணம், படிப்பில் ஒடுக்கப்பட்ட தம் மக்களுக்கு முறையே வரவில்லை என்பதுதான்.

நாங்கள் கழுத்து மாற்றிக்கொண்ட துண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்த்தெருவில் நடக்கும்போது தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒடுக்கப்பட்ட சாதியாரைக் கட்டாயப்படுத்திய ஊர்கள் தமிழ்நாட்டில் பல. எங்கள் ஆறு பேரும் ஒரே சாதி இல்லை. ஒருவர் வேர்வை இன்னொருவர் பிடரியில் ஒட்டியது. அன்றைய ஓட்டத்தால் சாதி ஒழிந்துவிட்டது என்று சொல்லும் அசட்டுத் துணிச்சல் எனக்கு இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். ஒரே துண்டைச் சுமக்கும் இடத்தில்தான் "இப்போ உன் முறை" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்ல முடிகிறது. மேல்கீழ் இருக்கும் இடத்தில் அந்த வாக்கியம் கட்டளையாகவோ கெஞ்சலாகவோதான் ஒலிக்கும்.

வீட்டுக்குள் இதைக் கொண்டுவந்து பார்த்தால் அக்காவின் பாய் ஏன் வராந்தாவுக்கு வந்தது என்று புரிகிறது. காகிதத்தில் மூன்று பேருக்கும் முறை எழுதியிருந்தோம். நடைமுறையில் அண்ணனுக்கு முறை, எனக்கு முறை, அக்காவுக்குப் பொறுப்பு. முறைக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. பொறுப்புக்கு முடிவே கிடையாது. நம் வீட்டுப் பெண்களில் பெரும்பாலோர் முறை இல்லாத ஓட்டக்காரர்கள். அவர்களைப் "பொறுமைசாலி" என்று புகழ்கிறோம். மோர் கொடுப்பதுபோல அதுவும் ஒரு கொடுப்பினை, தூரம் குறைவதில்லை.

கண் விழிப்பதைப் புண்ணியம் என்று எண்ணும் ஊர் நம்முடையது என்பதையும் மறந்துவிடக் கூடாது. சிவராத்திரிக்கு விழிக்கிறோம், வைகுண்ட ஏகாதசிக்கு விழிக்கிறோம். பிள்ளை இரவு பேருந்தில் வருகிறான் என்றால் அம்மா விழித்திருக்கிறாள். "நான் தூங்கவே இல்லை தெரியுமா" என்பது நம் மொழியில் அன்பின் சாட்சிப் பத்திரம். தூங்கியவர் அக்கறை இல்லாதவர் என்று ஒரு பேச்சு எப்போதும் இருக்கும். கடவுளுக்காக ஆண்டுக்கு ஓர் இரவு விழிப்பது அவரவர் விருப்பம். மனிதர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் அந்த நியாயம் செல்லாது. அது ஓர் இரவில் முடிகிற வேலை இல்லை. எல்லோரும் முதல் இரவே விழித்திருந்தால் நாலாவது இரவுக்கு ஆள் இருக்காது. அப்பாவின் ஆஸ்பத்திரி நாட்கள் முடிந்தபோது அக்காவுக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவள் அன்பைப் புகழ்ந்த சொந்தக்காரர் எவரும் அந்த மாத்திரைக்குப் பொறுப்பேற்கவில்லை.

திரும்பும் வழியில், என் கடைசிச் சுற்றுக்கு முன்பு நானும் தூங்கினேன். காரைக்காட்டுக்கு முன்னால் என்னை உலுக்கி எழுப்பினார்கள். வெளியே பனி. பைக் விளக்கு ஒன்று ஆடி ஆடி நெருங்கிக்கொண்டிருந்தது. நான் தூங்கிய நேரத்தில் நண்பர்கள் பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் ஓடியிருந்தார்கள். சாலையில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நான் பார்த்துக்கொண்டிராததால் யாரும் தடுக்கி விழவில்லை. கொஞ்சம் அகந்தைக்கு அடிதான். ஆனால் என் காலில் தெம்பு இருந்தது. முதல் சுற்றைவிட அந்தச் சுற்றை நன்றாக ஓடினேன். என்னை நம்பி அடுத்து மூன்று பேர் படுத்திருந்தார்கள் என்பதும் ஒரு காரணம். ஒருவர் நம்மை நம்பித் தூங்குகிறார் என்பதைவிடப் பெரிய மரியாதை நமக்கு யாரும் செய்துவிட முடியாது.

பங்கு போட்டுச் செய்கிறோம் என்று எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். எல்லா அலுவலகத்திலும் சொல்கிறார்கள். அது உண்மைதானா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. இரவில் யார் தூங்கவில்லை என்று பாருங்கள். "அவங்களுக்கு அது பழக்கம்" என்று கடந்துபோகாதீர்கள். மாத்திரையின் பேர், பால்காரர் கணக்கு, பள்ளிக்கூடக் கட்டணத் தேதி, டாக்டர் நம்பர் என்று அவர் தலைக்குள் இருப்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் முறைக்குக் கால் மணி முன்னதாகப் போய் நில்லுங்கள். நடுராத்திரியில் சந்தேகம் வந்தால் நீங்களே தேடிக் கண்டுபிடியுங்கள், அவரை எழுப்பாதீர்கள். அவர் விடியும்வரை தூங்கினார் என்றால்தான் நீங்கள் பங்கெடுத்ததாகக் கணக்கு.